வாழைக்குக் கூரை

தம்பி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வாழைக்கு வீடு கட்டுகிறான் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன், அங்க மனுசங்களுக்கெல்லாம் வீடு கெடச்சி முடிஞ்சிருச்சா?" என்பதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. வாழை நமக்கு ஒரு பயிர்கூடக் கிடையாது, அது பாட்டுக்கு இருக்கும் ஒன்று. ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் லோங்காங் ஓரமாக, யார் நட்டது என்று யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு வாழைக்கூட்டம் எல்லா வீட்டுக்கும் இருந்தது. சோப்பு நுரையையும் கழனித் தண்ணீரையும் குடித்தே அது குலை தள்ளும். அதற்குப் போய்க் கூரையா?

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம். அப்பா, அம்மா இரண்டு பேருமே ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்டு, நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தம்பி படித்து, வேலை கிடைத்து, பெர்த்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். எங்களுக்கு நடுவில் கடல் இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். பெர்த்துக்கும் மலேசியாவுக்கும் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. இங்கே எட்டு மணிச் செய்தி ஓடும்போது அங்கேயும் எட்டு. அதனாலோ என்னவோ, அவன் வேறு நாட்டில் இருக்கிறான் என்பது அம்மாவின் மனதில் பதியவே இல்லை, பக்கத்துத் தாமானில் இருப்பவனிடம் பேசுவது மாதிரிதான் பேசுவார். மணி ஒன்றாக இருந்தால் வெயிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நானும் மனதின் ஏதோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன் போலிருக்கிறது. வாழை வந்துதான் அதைக் கெடுத்தது.

முதலில் அவன் கூரையெல்லாம் போடவில்லை. ஒரு டிசம்பரில், அங்கே நல்ல கோடை, நர்சரியிலிருந்து இரண்டு கன்று வாங்கி வேலியோரமாக நட்டான். (இங்கிருந்து கன்று கொண்டுபோவதெல்லாம் நடக்காது. ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் கறிவேப்பிலைக்கே விசாரணை நடக்கும்.) டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி முழுக்க வாரத்துக்கு ஒரு இலை வந்தது. ஒவ்வொரு இலைக்கும் ஒரு படம் புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும். "பாத்தீங்களா அக்கா, நம்ம கை ராசி" என்று ஒரே பெருமை. ஏப்ரலில் மாதத்துக்கு இரண்டு இலை. ஜூனில் பாதி விரிந்த ஒரு இலை அப்படியே நின்றுவிட்டது. ஜூலை முழுக்க நின்றது. ஆகஸ்ட்டில் ஓரம் கருகி, மஞ்சளாகி, கந்தல் துணி மாதிரி தொங்கியது. "செத்துடுச்சாக்கா?" என்று கேட்டான். அம்மா கைப்பேசியை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாகல. தூங்குது" என்றார்.

அம்மா சொன்னது சரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாழைக்குப் பிடித்தது ஏறக்குறைய 27 டிகிரி. சராசரி 16 டிகிரிக்குக் கீழே போனால் புது இலை வருவது நின்றுவிடும், 14க்குப் பக்கத்தில் வளர்ச்சியே நின்றுவிடும். உறைபனி ஒரு ராத்திரி விழுந்தால் இலை மொத்தமும் வெந்த கீரை. நம் ஊரில் விடிகாலையில்கூட 23, 24 டிகிரி இருக்கும். பெர்த்தில் ஜூலை இரவுகள் 8 டிகிரி வாக்கில். சுங்கை சிப்புட் பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து டிகிரிகூடத் தள்ளி இல்லை, பெர்த் தெற்கே 32 டிகிரி. வாழை அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது.

நம் வாழை வருடம் 365 நாளும் வேலை செய்கிறது. இங்கே பிசாங் மாஸ் என்ற வாழையை நட்டால் வருடம் முடிவதற்குள் தார் வெட்டிவிடலாம். குளிர்காலம் உள்ள ஊரில் அதே வாழை வருடத்துக்கு மூன்று நான்கு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்கிறது, குலை பார்க்க ஒன்றரை வருடம் ஆகிவிடும். பசுமைக்குடில் போடுவதே அந்த விடுப்பைக் குறைக்கத்தான்.

நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிளாஸ்டிக் உருளைகள் என் மேசைக்குப் பின்னால்தான் அடுக்கியிருக்கும்: யூவி பிளாஸ்டிக், தடிமன் 150 மைக்ரான், 180, 200. கேமரன் மலையில் காய்கறி போடுகிறவர்கள் லாரி எடுத்துவந்து வாங்கிப் போவார்கள். நம் ஊரில் பிளாஸ்டிக் கூரை என்றால் மழைக்கு. தக்காளி, குடைமிளகாய், கீரையின் மேல் மழை அடித்தால் நோய் வரும் என்பதற்காகப் போடுவது. பக்கவாட்டில் பெரும்பாலும் திறந்தே இருக்கும். சூட்டைப் பிடித்து வைப்பதற்காக ஒருவர் பிளாஸ்டிக் வாங்கி நான் பில் போட்டதே இல்லை. தம்பி கேட்டபோது நான் பெரிய நிபுணர் மாதிரி ஆலோசனை சொல்ல ஆரம்பித்தேன். பாதி தப்பு. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதல் தப்பு உயரம். மூன்று மீட்டர் போதும் என்று சொன்னேன். அவன் வாங்கி வைத்தது குள்ள கேவண்டிஷ் என்ற வாழை வகை, தண்டு இரண்டு மீட்டர் வாக்கில் நின்றுவிடும் என்று படித்திருந்தேன். தண்டு நின்றது, இலை நிற்கவில்லை. தண்டுக்கு மேலே ஆளுயரத்துக்கு இலை எழும்பி கூரையில் முட்டி மடங்கிக் கிடந்தது. பிளாஸ்டிக்கைத் தொட்ட இடமெல்லாம் வெயிலில் வெந்து பழுப்பு நிறப் பட்டையாகிவிட்டது. துருக்கியில் அனமூர் என்று ஒரு ஊர். ஒருபக்கம் டாரஸ் மலை, இன்னொரு பக்கம் மத்தியதரைக் கடல், நடுவில் வாழைக்கென்றே கட்டிய கூடாரங்கள். காணொளியில் பார்த்தேன். லாரி உள்ளே போய்வரும் உயரம், ஆறு மீட்டர் இருக்கும். மொராக்கோவில் அகாடிர் பக்கமும் அப்படித்தான். முதலிலேயே அதைப் பார்த்திருக்கலாம். தம்பி குழாய்களை மறுபடி கழற்றி, காலுக்கு ஒன்றரை மீட்டர் ஒட்டு வைத்தான். அந்த இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. ஜனவரியில் அவன் நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்று கேட்டான். சூடுதானே வேண்டும், மூடிவிட்டுப் போ என்றேன். அந்த வாரம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டியது. உள்ளே எவ்வளவு என்று பார்க்க ஆளில்லை. அவன் திரும்பிவந்து கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த காற்று, மூடியைத் தூக்கியதும் இட்லிப் பானையிலிருந்து அடிக்குமே, அந்த மாதிரி இருந்ததாம். விரிந்திருந்த இலை எல்லாம் நடு நரம்பில் மடிந்து தொங்க, ஓரங்கள் அப்பளம் மாதிரி நொறுங்கின. 38 டிகிரிக்கு மேலே போனாலும் வாழை வேலையை நிறுத்திவிடும். தண்ணீர் குறைவாக இருந்தால் தன்னையே எரித்துக்கொள்ளும். குளிருக்குக் கட்டிய வீட்டைக் கோடையில் காற்றோட்டத்தோடு நடத்துவதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை என்று அப்போதுதான் புரிந்தது. பக்கச் சீலையைச் சுருட்டி மேலே ஏற்றுகிறார்கள், கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து வெயிலை மங்க வைக்கிறார்கள், குளிர் வரும்போது மழையும் தண்ணீரும் அதைக் கழுவிவிடும். தம்பியும் அடித்தான். ஏணியில் நின்றுகொண்டு கூரைக்கு வெள்ளையடிக்கும் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கச் சொன்னா வரமாட்டான்" என்றார்.

சரி, குளிர்காலத்துக்கு வருவோம். பகலெல்லாம் கூடாரத்துக்குள் 28, 30 டிகிரி, ராஜ வாழ்க்கை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அழைத்தான். வெளியே 5 டிகிரி, உள்ளே 4. வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகம்! வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினான். அதுவும் அதையே சொன்னது. நான் கடையில் பிளாஸ்டிக் கம்பெனி ஆளிடம் கேட்டேன். அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: சாதா பாலித்தீன் வெயிலை உள்ளே விடுவது மாதிரியே, தரையும் செடியும் ராத்திரி விடும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் உள்ளே இருக்கும் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். வெளியிலாவது காற்று அசைந்து மேலேயிருக்கும் இளஞ்சூட்டைக் கீழே கொண்டுவரும், மூடின கூடாரத்துக்குள் அதுவும் கிடையாது. சூட்டைத் தடுக்கிற பிளாஸ்டிக் தனியாக இருக்கிறது, விலை கூடுதல். இத்தனை வருடமாக அந்த உருளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இங்கே வரவில்லை.

அதற்கு அவன் செய்த வைத்தியம் நீலப் பீப்பாய்கள். இருநூறு லிட்டர் பீப்பாய் ஆறு வாங்கி, கறுப்புச் சாயம் அடித்து, தண்ணீர் நிரப்பி, தெற்குச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினான். அங்கே குளிர்காலத்தில் சூரியன் வடக்கில் சாய்ந்து போகும், அந்த வெயில் நேராக வந்து பீப்பாய்மேல் விழும். பகலில் தண்ணீர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். வாழையின் வளரும் முனை பூக்கும் பருவம் வரும்வரை தரைமட்டத்தில்தான் இருக்கிறது. நாம் மரம் என்று சொல்வது இலை மட்டைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான். அதனால் மண் சூடாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. காய்ந்த மட்டைகளையே வெட்டி அடியில் போட்டு மூடினான். உள்ளே காலையில் 4 என்பது 9, 10 ஆனது. வாழைக்கு அது வாழ்வு இல்லைதான், உயிர் தங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூடாரம் எங்கள் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. இலை. இங்கே வாழை இலை என்றால் கிழிந்ததுதான். காற்று அடிக்கும், நரம்போடு நரம்பாகக் கிழிந்து சீப்பு மாதிரி ஆகிவிடும். விசேஷத்துக்கு முழு இலை வேண்டுமென்றால் விரிந்து இரண்டு மூன்று நாளுக்குள் வெட்ட வேண்டும். அவனுடைய இலைகளுக்குக் காற்று என்பதே தெரியாது. தளிர்ப் பச்சையில், ஒரு கீறல் இல்லாமல், பாய் விரித்த மாதிரி நிற்கும். கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்தால் நரம்புகள் ஒவ்வொன்றும் கோடு கோடாகத் தெரியும். தை மாதம் அங்கே கோடை, இலை நன்றாக வருகிற காலம். பொங்கலன்று அவன் வீட்டில் ஏழு பேருக்கு நுனி இலையே போட்டான். பெர்த்தில் இந்தியக் கடையில் பெரும்பாலும் உறைய வைத்த இலைதான் கிடைக்கும், பிரித்தால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கறுத்திருக்கும். சாப்பிட வந்த ஒரு பெரியவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பரிமாறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டே இருந்தாராம்.

காற்று இல்லாத இடத்தில் வேறு சில விருந்தாளிகள் வருவார்கள். செஞ்சிலந்திப் பேன். சூடும் வறட்சியும் அதற்குத் தேன். வெளியில் என்றால் மழை கழுவிவிடும், அதைத் தின்ன வேறு பூச்சி இருக்கும், உள்ளே இரண்டுமில்லை. இலையின் அடிப்பக்கம் துரு பிடித்த மாதிரி ஆகி, விரலால் தேய்த்தால் சிவப்பாக ஒட்டும். தினமும் இலைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சியே சமாளித்தான். தேனீ உள்ளே வராதே, பழம் எப்படிப் பிடிக்கும் என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. தேவையே இல்லையாம். நாம் தின்கிற வாழை மகரந்தம் சேராமலேயே காய்க்கிற ஜாதி, அதனால்தான் விதையில்லை. கதவைப் பூட்டி வைத்தாலும் காய்க்கிற பழம் உலகத்தில் அதிகமில்லை.

கேவண்டிஷ் என்ற பெயரே ஒரு பசுமைக்குடிலிலிருந்து வந்ததுதான். 1830களில் இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் அரண்மனையில் டெவன்ஷயரின் ஆறாவது கோமகன் வில்லியம் கேவண்டிஷ். அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், பின்னாளில் 1851இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டினாரே, அதே ஆள். மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வாழையை அவர் கண்ணாடிக் குடிலில் வைத்து, சூடு குறையாமல் பராமரித்து 1835இல் பூக்க வைத்தார். எஜமான் பெயரை வைத்தார். கொஞ்ச காலத்தில் ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் அதன் கன்றுகளைக் கப்பலில் சமோவாவுக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து பசிபிக் தீவுகளில் பரவியது. இன்றைக்கு உலகத்தில் விளையும் வாழையில் ஏறக்குறையப் பாதி கேவண்டிஷ், கப்பலேறி ஏற்றுமதியாகும் வாழையில் கிட்டத்தட்ட எல்லாமே அதுதான். வெப்ப நாட்டுச் செடி குளிர் நாட்டுக் கண்ணாடி வீட்டில் பெயர் வாங்கிக்கொண்டு வெப்ப நாட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. நம் பையன்கள் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பேர் மாற்றிக்கொண்டு வருவது மாதிரி என்று தம்பியிடம் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி தீபாவளிக் கதை.

இரண்டாவது வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு வாழையின் உச்சியில் பூ தெரிந்தது. தெரிந்தது என்று சொல்ல வேண்டும், வெளியே வந்தது என்று சொல்ல முடியாது. மட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு தொண்டை அடைத்த மாதிரி நிற்க, நடுவில் சிவந்த மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. குளிரில் இலைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் நின்ற வாழைக்கு இப்படி ஆகும். "அக்கா, உள்ளேயே மாட்டிக்கிச்சு, கத்தியால கீறி விடட்டுமா?" என்று பதறினான். அம்மா கைப்பேசியை என் கையிலிருந்து பிடுங்கி, "கைய வைக்காத. பிரசவத்துல குறுக்க நிக்காத. தண்ணிய மட்டும் ஊத்து" என்றார். எட்டு நாள் கழித்துக் குலை ஒருபக்கமாக வளைந்து வெளியே வந்தது. தீபாவளிக்குச் சாமிக்கு வைக்க வீட்டுப் பழம் என்று அவன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். காயாக இருந்தாலும் பரவாயில்லை, சீப்பாவது வைக்கலாம் என்று.

பூமடல் ஒவ்வொன்றாக உதிர உதிர எங்களுக்கு முகம் விழுந்தது. நான்கு சீப்பு. ஒவ்வொன்றிலும் விரல்கள் கோணலும் மாணலுமாக, இரண்டு ஒட்டிப் பிறந்தவை, சில கட்டை விரல் அளவு, சில வெறும் முனை. எந்தப் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. நான் படிக்க ஆரம்பித்தேன். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழை போடுகிறவர்கள் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள், 'நவம்பர் டம்ப்' என்று. குலை நவம்பரில் வெளியே வருகிறது, ஆனால் அது உருவானது நவம்பரில் இல்லை. பூ தரைமட்டத்தில், தண்டுக்குள்ளே, யாருக்கும் தெரியாமல் சில மாதம் முன்பே உருவாகிவிடுகிறது. எத்தனை சீப்பு, எத்தனை விரல் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். அப்புறம் அது தண்டின் நடுவே மெல்ல ஏறி வெளியே வரும். இந்தக் குலையின் தலையெழுத்து ஜூலையில், பீப்பாய்த் தண்ணீர் ஆறிப்போன ஏதோ ஒரு ராத்திரியில் எழுதப்பட்டது. நவம்பர் வெயிலில் நாம் எவ்வளவு உரம் போட்டாலும் அது திருந்தாது.

அந்தச் சீப்பை அவன் சாமிக்கு வைக்கவில்லை. பொரியல் செய்தான். "நல்லாதான் இருந்திச்சு லா" என்றான், ஆனால் வீடியோவைப் போடாமல் குரலில் மட்டும் பேசினான்.

அதே மாதம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வேறொன்று நடந்தது. எங்களிடம் ஒரு ரஸ்தாளிக் கூட்டம் இருந்தது. லயத்திலிருந்து வரும்போது அப்பா சாக்கில் கட்டிக் கொண்டுவந்த கிழங்கின் வாரிசுகள். மலாய்க்காரர்களும் அதை பிசாங் ரஸ்தாளி என்றுதான் சொல்வார்கள், நம் வார்த்தை. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) இப்போது ரஸ்தாளி கண்ணில் படுவதே குறைவு, பட்டால் விலை கேட்டுவிட்டு பிசாங் பெராங்கானுக்கு நகர்ந்துவிட வேண்டியதுதான். எங்கள் ரஸ்தாளியில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் இலைகள் மட்டையோடு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கின. அம்மா பாராங் கத்தியை எடுத்துவந்து தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் வட்டமாகப் பழுப்புச் சிவப்புப் புள்ளிகள். நீளவாக்கில் வெட்டினால் அதே புள்ளிகள் கோடுகளாக ஓடின. வாடல் நோய். மண்ணில் இருக்கும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. மருந்து கிடையாது. ஒருமுறை வந்தால் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். செருப்பில் ஒட்டின மண் போதும் அடுத்த வீட்டுக்குப் போக. கொஞ்ச நாளுக்கு முன்னால் யாரோ ஆசையாகக் கொடுத்த ஒரு கன்றை நான் பக்கத்திலேயே நட்டிருந்தேன். அதுதான் காரணமா என்று நிரூபிக்க முடியாது. எனக்கு அதுதான் என்று தோன்றுகிறது.

இதே பூஞ்சையின் பழைய இனம்தான் நூறு வருடத்துக்கு முன்னால் மத்திய அமெரிக்காவில் குரோஸ் மிஷல் வாழையை அழிக்க ஆரம்பித்தது. அதற்குத் தப்பியதால்தான் 1950களுக்குப் பிறகு கேவண்டிஷுக்கு ஏற்றுமதியில் அதன் இடம் கிடைத்தது. பிறகு கேவண்டிஷையே கொல்லும் புது இனம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய கேவண்டிஷ் தோட்டங்கள் அதில் அழிந்தன. 2015இல் அது குயின்ஸ்லாந்து வாழைத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தம்பிக்கு அந்தப் பயம் அதிகமில்லை, நர்சரிக் கன்று, புது மண். எனக்கோ எரிச்சலாக இருந்தது. அவனுக்கு வானம் சரியில்லை, அதற்குப் பிளாஸ்டிக் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம், தப்பாகப் போட்டால் கழற்றி மாற்றலாம். எனக்கு வானம் இலவசம், மண் போய்விட்டது. மண்ணுக்கு எதைப் போட்டு மூடுவது? என் மேசைக்குப் பின்னால் இருக்கிற எந்த மைக்ரானிலும் அதற்கு உருளை கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து லாசா என்ற ஊருக்குப் போகிற சாலையில், காட்டோரத்தில், காட்டு வாழை நிற்கும். பழம் விரல் நீளம், உள்ளே மிளகு மாதிரி விதை, பல்லை உடைக்கும். சின்ன வயதில் நாங்கள் அதைக் குரங்குக்கு விட்டுவிடுவோம். நம் தீபகற்பத்தின் அந்தக் காட்டு ஜாதிக்கு விஞ்ஞானப் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது, மலாக்கென்சிஸ். 2012இல் வாழையின் மரபணு வரிசையை முதன்முதலாக முழுமையாகப் படித்தபோது எடுத்துக்கொண்டது அந்த வகையில் ஒன்றைத்தான், அதன் பெயர் பகாங். அதே காட்டு ஜாதியிலிருந்து எடுத்த ஒரு மரபணுவைக் கேவண்டிஷில் வைத்து, வாடல் நோயைத் தாங்கும் வாழையை ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். 2024இல் அதற்கு அங்கே அனுமதியும் கிடைத்துவிட்டது. தம்பி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "ஒங்க ஊர் கொரங்கு வாழதான் எங்க ஊர் வாழயக் காப்பாத்துது" என்று எழுதியிருந்தான். எங்க ஊராம்.

டிசம்பரில், கோணல் குலையை வெட்டின பிறகு, கன்று தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து நடந்தது. தாய் வாழையைச் சுற்றி ஏழெட்டுக் கன்று. கூடாரத்தில் இடம் ஒன்றுக்குத்தான். அம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது: கத்தி மாதிரி ஒடுக்கமான இலை விடுவதுதான் ஈட்டிக் கன்று, அதைத்தான் வைக்க வேண்டும், சின்னதிலேயே அகல இலை விரிக்கிறவன் சோம்பேறி, வெட்டித் தள்ளு. அதுவரை எல்லோருக்கும் சம்மதம். ஈட்டிக் கன்று இரண்டு இருந்தது. ஒன்று இடுப்பளவு, கொழுகொழுவென்று. இன்னொன்று முழங்கால் உயரம். அம்மா பெரியதைக் காட்டினார். நான் படித்திருந்ததை வைத்துக் கணக்குப் போட்டேன்: பெரியது குளிர் வருவதற்குள் வளர்ந்து, மறுபடி ஜூலையில் உள்ளே பூ வைத்து, மறுபடி நவம்பரில் கோணல் குலை தள்ளும். சின்னது குளிர்காலம் முழுக்க வெறும் இலையோடு நின்று, வெயில் திரும்பிய பிறகு பூ வைத்து, கோடையில் நல்ல குலை விடும். குளிர் ஊரில் வாழை போடுகிறவர்கள் கன்றை உயரம் பார்த்து எடுப்பதில்லை, நாள்காட்டியைப் பார்த்து எடுக்கிறார்கள்.

"பெரிய புள்ளய வெட்டிட்டுச் சின்னத வைக்கச் சொல்றியே, எந்த ஊரு நியாயம் இது?" என்றார் அம்மா.

"பெர்த் ஊரு நியாயம்மா."

தம்பி இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்று, பெரியதை வெட்டினான். வெட்டும்போது திரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

இப்போது ஜூலை. சின்னக் கன்று தோள் உயரம் வந்திருக்கிறது. புதுக் குருத்து எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க, அது வெளியே வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் அனுப்புவான். கோடு போட்டு மூன்று வாரம் ஆகிறது. எங்கள் பின்புறத்தில் ரஸ்தாளி இருந்த இடத்தைக் கிளறாமல் அப்படியே விட்டு, வேலி கட்டி, செருப்பை வெளியிலேயே வைக்கிறோம். அம்மா அங்கே செரை (எலுமிச்சைப் புல்) நட்டிருக்கிறார், அது எந்த மண்ணிலும் வரும்.

இன்று காலை வந்த படத்திலும் கோடும் குருத்தும் அதே இடத்தில்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அங்க இப்ப மணி என்னா?"

"இங்க என்னவோ அதேதான்மா. ஏழே முக்கால்."

அம்மா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார்.